ஏறிட்டன்

எமில்டா அக்காவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் "களைப்பாத்தான் இருக்கு" என்று சொல்வார். அதில் முறைப்பாடு ஒன்றும் இருக்காது. வெளியில் மழை தூறுகிறது என்று சொல்வது போலத்தான் சொல்வார். கேட்டவர் என்ன பதில் சொல்வது என்று தடுமாறும்போது, "நீங்கள் எப்பிடி?" என்று அவரே பேச்சை மாற்றிவிடுவார்.

களைப்பாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? கிழக்கு லண்டனில் எங்கள் பார்க்கிங் பகுதி விழிப்பதற்கு முன்பே அவர் வங்கிகள் நிறைந்த கேனரி வார்ஃபில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து வந்து ஒரு தேநீர். பிறகு ஒரு பாடசாலைச் சமையலறையில் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு. மாலையில் இன்னொரு அலுவலகம், அங்கேயும் மேசைகள். ஐம்பதைத் தாண்டிவிட்டார். இந்த மூன்று வேலைகளுக்கும் நடுவில் அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவது ஒரு நீலச் சைக்கிள்.

ஏன் பஸ்ஸில் போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ்ஸில போனா நித்திரை வரும், ஜது. ட்ரெயினில போனா ஆராவது தெரிஞ்ச ஆள் பக்கத்தில இருந்து கதைக்கும். சைக்கிளில போகேக்க ஒருத்தரும் என்னைக் கூப்பிட ஏலாது. வீட்டிலயும் 'எமில்டா', வேலையிலயும் 'எமில்டா'. அந்த நேரம் மட்டும்தான் நான் சும்மா இருக்கிறது."

வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டு போவதைத்தான் சும்மா இருப்பது என்கிறார்! எனக்கு அப்போதே இவரை மிகவும் பிடித்துப்போனது.

அவருடைய கணவர் பீற்றர் அண்ணைக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. "யாழ்ப்பாணத்தில பிறந்து சைக்கிள் ஓடத் தெரியாத ஒரே ஆம்பிளை" என்று அக்கா அவரை எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். அவரும் சிரித்துக்கொண்டு, "அதுக்குத்தானே ஓடத் தெரிஞ்ச ஆளைக் கட்டினனான்" என்பார். ஒரு பெரிய கடையின் வாசலில் பாதுகாவலராக நிற்கிறார். ஆள் உயரம். குரல் அதைவிட உயரம்.

போன குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, பெக்டன் பக்கம் நெடுஞ்சாலையோரச் சைக்கிள் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் சக்கரம் வழுக்கி எமில்டா அக்கா விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டிருந்த காலம் முழுக்கப் பீற்றர் அண்ணைதான் அவருக்குத் தலை சீவி, சட்டைக்குப் பொத்தான் பூட்டி, சோறு பிசைந்து கொடுத்தார். அத்தனையும் முகம் சுளிக்காமல் செய்தார். ஆனால் கட்டு அவிழ்த்த அன்றே, "சைக்கிளை விக்கிறது" என்று சொல்லிவிட்டார். அக்கா கேட்காத மாதிரி இருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் இதே கதைதான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் குழுவில் எமில்டா அக்காதான் கடைசி. எப்போதும் கடைசி. எப்பிங் காட்டுப் பக்கம் போனாலும் சரி, ரெய்னம் ஆற்றோரம் போனாலும் சரி, நாங்கள் போய்ச் சேர்ந்து தேநீர் வாங்கிக் குடித்து முடிக்கும்போதுதான் அந்த நீலச் சைக்கிள் தெரியும். "கடைசி பஸ் வந்திட்டுது!" என்று கிருஷாந் கத்துவான். கிருஷாந்தான் குழுவைத் தொடங்கியவன். ரயில்வேயில் சிக்னல் வேலை. இங்கேயே பிறந்தவன். மலை என்றால் பைத்தியம். கிழக்கு லண்டனில் மலைக்கு எங்கே போவது? ஹைகேட் வரை போய், அங்கே இருக்கும் ஒரே ஒரு செங்குத்துத் தெருவில் ஏறுவதும் இறங்குவதுமாக எங்களை வதைப்பான்.

அவன்தான் டெனரிஃப் போவோம் என்றான். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்று. நடுவில் ஒரு பெரிய எரிமலை. கடற்கரையில் தொடங்கும் சாலை ஏறி, ஏறி, ஏறிக்கொண்டே போய் எரிமலையின் பழைய வாய்க்குள் நுழைகிறது. நடுவில் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஐரோப்பாவின் பெரிய பந்தய வீரர்களெல்லாம் பயிற்சிக்கு அங்கேதான் போகிறார்களாம். வருகிறேன் என்று கை தூக்கியவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. மற்றது எமில்டா அக்கா!

"கேனரி வார்ஃபில குப்பை அள்ளினது காணும், போதும். கேனரித் தீவையும் ஒருக்காப் பாப்பம்" என்றார்.

கிருஷாந்தும் நானும் விமானத்துக்கான சைக்கிள் பெட்டியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோதுதான் அந்தப் பேச்சு நடந்தது. பீற்றர் அண்ணை சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். இவவால ஏலுமோ?"

"டிரை பண்ணலாம் அண்ணை. வான் வண்டி ஒண்டு பின்னால வரும். ஏலாட்டி அதில ஏறலாம்."

"அப்ப சரி." அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "இஞ்சேரும், எமில்டா. இவையள் ரெண்டு பேரும் சாட்சி. வானில ஏறாமல் அந்த மலையை ஏறி முடிச்சீர் எண்டால், சாகும் வரைக்கும் இந்தச் சைக்கிளைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டன். வானில ஏறினீர் எண்டால், வந்த கையோட விக்கிறது. சரியோ?"

வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று எனக்குள்ளே கத்தினேன். அவர் அடுப்பில் இருந்த கறியைத் துழாவிக்கொண்டே, "சரி" என்றார்.

"அந்தோனியார் மேல சத்தியமோ?"

"அவரை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்? நான் சொன்னாச் சொன்னதுதான்."

அக்டோபர் பள்ளி விடுமுறையில் போனோம். வான் ஓட்ட வந்தவன் ஆதித்யா. கிருஷாந்தின் வீட்டில் அறை எடுத்து இருப்பவன், கோயம்புத்தூர்க்காரன், லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சைக்கிளில் துளி ஆர்வம் இல்லை. வெயில் பார்க்க ஆசைப்பட்டு வந்தான். தங்கமான பையன். எமில்டா அக்காவுக்காகப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, வாழைப்பழம், பிஸ்கட், குளிர்ச்சட்டை எல்லாவற்றையும் ஒரு தனிப் பையில் போட்டு வானின் முன்சீட்டில் வைத்திருந்தான்.

காலை விடிந்ததும் கடல் மட்டத்தில் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் வாழைத் தோட்டங்கள், சிமெந்துச் சுவர்கள், நாய்கள். அதற்குப் பிறகு நிலம் காய்ந்துபோனது. கள்ளிகள், கறுத்த கற்கள், மேலே வெறும் நீலம். சாலை வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் இதோ உச்சி என்று தோன்றும். திரும்பினால் இன்னொரு வளைவு இருக்கும். கீழே கடல் சிறுத்துக்கொண்டே வந்தது. ஹைகேட்டில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி முடிந்துவிடும். இங்கே முடியவே முடியாது. உடம்பில் எது வலிக்கிறது என்று தனியாகச் சொல்ல முடியாத ஒரு வலி. எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை, நானே இரண்டு முறை அழப் பார்த்தேன்.

எமில்டா அக்கா எப்படி ஓடினார் தெரியுமா? தலையைக் குனிந்து, முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தாரை மட்டும் பார்த்துக்கொண்டு, மேசை துடைப்பது போல ஓடினார். ஒரு பக்கம் முடிந்ததா, மற்றப் பக்கம். ஒரு மேசை முடிந்ததா, அடுத்தது. அவசரமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. நான் பக்கத்தில் போய், "அக்கா, வியூவைப் பாருங்கோ!" என்றேன்.

"நீர் பாத்துச் சொல்லும். தலை நிமித்தினா எனக்கு மிச்ச ரோட்டு தெரியும்."

மதியம் மலைநடுவில் இருந்த ஊரில் சேர்ந்து சாப்பிட்டோம். அக்கா பாதிச் சாப்பாட்டில் கரண்டியைப் பிடித்தபடியே கண்ணை மூடிவிட்டார். எழுப்பவே மனம் வரவில்லை. எழுந்ததும், "இனி உங்களுக்கு என்னால மினக்கெடு வேண்டாம். நீங்கள் ரெண்டு பேரும் முன்னால போங்கோ. ஆதித்யா தம்பி என்னோட வரட்டும்" என்றார். அப்படியே கிருஷாந்தும் நானும் முன்னே போனோம்.

பைன் மரக் காடு முடிந்து, எரிமலைக் குழம்பு உறைந்த, மரங்களே இல்லாத கரும்பாறைகள் தொடங்கி, பின்னேரம் நாங்கள் எரிமலை வாயின் விளிம்பை அடைந்தோம். சாலை அங்கே சமமாகி எரிமலைக் கிண்ணத்துக்குள் இறங்குகிறது. நடுவில் அந்தச் சிகரம், தனியாக. நான் சைக்கிளைக் கிடத்திவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். கிருஷாந் படம் எடுத்தான், மாடு.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வான் வந்தது. ஆதித்யா மட்டும் இறங்கினான்.

"அக்கா எங்க?" என்றான் கிருஷாந்.

"வந்துட்டே இருக்காங்க. பஸ்ல வர்றாங்க."

"என்னது, பஸ்ஸிலயோ?"

"ஆமா. கீழ காட்டுல ஒரு வியூ பாயின்ட்ல டூரிஸ்ட் பஸ் நின்னுச்சு. அக்கா அங்க பெஞ்சுல உக்காந்து அந்த டிரைவர்கிட்ட சிரிச்சு சிரிச்சு பேசிட்டு இருந்தாங்க. சைக்கிள் வெக்கற டிக்கியும் தொறந்து இருந்துச்சு. என்னப் பாத்து, 'தம்பி, நீங்கள் போங்கோ, நான் ஆறுதலா வாறன்'னாங்க. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. வேன்ல ஏறக்கூடாதுன்னுதான சத்தியம்? பஸ்ல ஏறலாம்ல? செம ஐடியா! அவங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு நான் ஒண்ணும் கேக்கல. கெளம்பி வந்துட்டேன்."

கிருஷாந் தலையில் கை வைத்தான். "டேய், ஆறுதலா எண்டா மெதுவாடா! மெதுவா வாறன் எண்டு சொல்லியிருக்கிறா!"

"மெதுவாவா?" ஆதித்யாவின் முகம் வெளுத்தது. "எங்க ஊர்ல ஆறுதல்னா எழவு வீட்ல சொல்றதுடா. அக்கா கஷ்டப்பட்டு வந்து, இப்பத்தான் நிம்மதியா, ஹாயா வர்றேன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன்."

அந்தச் சுற்றுலா பஸ்ஸும் வந்தது. நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், படம் எடுத்தார்கள், ஏறினார்கள். எமில்டா அக்கா அதில் இல்லை. அவருடைய தண்ணீரும் சாப்பாடும் குளிர்ச்சட்டையும் எங்கள் வானின் முன்சீட்டில் பத்திரமாக இருந்தன. அழைத்துப் பார்த்தோம், அவர் இருந்த இடத்தில் சிக்னல் இல்லை. எங்கிருந்தோ மேகம் ஏறி வந்து சூரியனை மூடியது. கடற்கரையில் வெயிலில் வெந்த எங்களுக்குப் பல் அடிக்கத் தொடங்கியது.

வானைத் திருப்பினோம். ஆதித்யா ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

அதிகத் தூரம் போகவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. சில வளைவுகள் கீழே, கறுத்த பாறைகளுக்கு நடுவில், அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அரைக்கைச் சட்டை. பாடசாலைச் சமையலறைத் துணி ஒன்றைக் கழுத்தில் சுற்றியிருந்தார். உதடு ஊதா நிறம்.

"வந்திட்டியளே" என்றார். அவ்வளவுதான். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டோம். பிளாஸ்கிலிருந்து சூடான தேநீர் குடிக்கக் கொடுத்தோம். கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தார். ஆதித்யா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னான். பஸ் டிரைவரிடம் என்ன சிரித்துச் சிரித்துப் பேசினீர்கள் என்று கிருஷாந் கேட்டான்.

"அந்தாள் ஸ்பானிஷில ஏதோ சொல்லிச் சிரிச்சுது. ஒரு அறுப்பும் விளங்கேல்லை. மரியாதைக்கு நானும் சிரிச்சன்."

அந்த நிலையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் சைக்கிளில் ஏறினார். "தள்ளிறது ஏமாத்து இல்லைத்தானே? கொஞ்சம் தள்ளிப்போட்டன்" என்று கிருஷாந்திடம் கேட்டார். இல்லை அக்கா, வானில் ஏறக்கூடாது என்று மட்டும்தான் பேச்சு என்றான் அவன். மிதித்தார். வான் பின்னால் ஊர்ந்தது. நான் பக்கத்தில் ஓடினேன், காலால்தான் ஓடினேன், அவ்வளவு மெதுவாகப் போனது அந்தச் சைக்கிள். முன்சக்கரம் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைந்தது. ஒரு வளைவு தாண்டினார். அடுத்த நேர்ச்சாலையின் நடுவில் நின்றார். ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

அங்கிருந்து விளிம்பு தெரிந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பாறைகூடத் தெரிந்தது. அன்று முழுக்கத் தலை நிமிர்த்தாதவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கதவைத் திறவுங்கோ" என்றார்.



"அக்கா, இன்னும் ரெண்டே ரெண்டு வளைவு. பிளீஸ்" என்றான் கிருஷாந்.

"தெரியுது, தம்பி. எனக்கு இது காணும். கால் எங்க இருக்கெண்டே தெரியேல்லை. கதவைத் திற."

"அக்கா, இது என் தப்பு" என்று ஆதித்யா கெஞ்சினான். "நான் விட்டுட்டுப் போனதாலதான. இது கணக்குல வராதுக்கா."

"நீர் விட்டிட்டுப் போனது உம்மட பிழை. ஏறுறது நான்."

கதவைத் திறந்தேன். அவர் ஏறி உட்கார்ந்தார். நீலச் சைக்கிளைக் கிருஷாந் பின்னால் ஏற்றினான்.

வானைத் திருப்ப இடம் வேண்டுமே, அதற்காக விளிம்பு வரை போனோம். அங்கே நிறுத்தி, "அக்கா, இறங்கி ஒரு படம் எடுப்பம். சைக்கிளோட நில்லுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். சொன்னவுடனே வெட்கமாகிவிட்டது. அக்கா என்னைக் கோபிக்கவில்லை. கண்ணாடி வழியே சிகரத்தைப் பார்த்து, "வடிவான மலை" என்று மட்டும் சொன்னார்.

அங்கே சிக்னல் வந்தது. உடனே அவருடைய போன் அடித்தது. பீற்றர் அண்ணை. அந்தக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"எமில்டா! காலமையிலயிருந்து அடிக்கிறன்! என்ன, ஏறிட்டீரோ?"

அக்காவுக்குப் பல் கிடுகிடுத்தது. "ஏ... ஏறிட்டன்" என்றார்.

மறுபக்கத்தில் ஒரு கத்தல். "ஏறிட்டீரோ! என்ரை அம்மா! ஏறிட்டாளடாப்பா! ஏறிட்டாள்!" யாரிடமோ கத்துகிறார். கடை வாசலில் நிற்கிறார் போல. "வையும், வையும், நான் ஆக்களுக்குச் சொல்லிப்போட்டு எடுக்கிறன்!" போன் அறுந்தது.

வானுக்குள் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் கேட்டது மலையை. அக்கா சொன்னது வானை. ஒரே வார்த்தை. கிருஷாந்தின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "அக்கா, நீங்கள் பொய் சொல்லேல்லையே" என்றான்.

அக்கா திரும்ப எண்ணை அழுத்தினார். லைன் பிஸி. இன்னொரு முறை. பிஸி. நாங்கள் இறங்கத் தொடங்க, சிக்னல் போனது. மலைநடு ஊரில் அது திரும்ப வந்தபோது அவருடைய போன் நிற்காமல் கிணுகிணுத்தது. அவர்களுடைய கோயில் ஆட்களின் வாட்ஸ்அப் குழு. பீற்றர் அண்ணை எழுதியிருந்தார்: எனது மனைவி எமில்டா சைக்கிளில் எரிமலை உச்சியை ஏறி முடித்துவிட்டார், கடவுளுக்கு நன்றி. அதன் கீழே பூக்கள், கைதட்டல்கள், செபமாலைகள். பாடல் குழுக்காரர் ஒருவர் அடுத்த ஞாயிறு கேக் வெட்டுவோம் என்று எழுதியிருந்தார்.

சைக்கிளை விற்க வேண்டும் என்று மாதக்கணக்காகச் சண்டை போட்ட மனிதர் இவர்! இந்தச் செய்திக்காகவா கடை வாசலில் காத்துக்கொண்டு நின்றார்? எனக்கு அழுகையும் வந்தது, இனி அக்கா என்ன செய்யப்போகிறார் என்று பயமும் வந்தது.

அக்கா எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு அழைத்தார்.

"இஞ்சேருங்கோ. நான் மலை ஏறேல்லை."

"என்ன?"

"வானில ஏறிட்டன் எண்டுதான் சொல்ல வந்தனான். நீங்கள் முழுக்கக் கேக்காமல் வைச்சிட்டியள். ரெண்டு வளைவு மிச்சம். ஏலாமப் போச்சு."

கடைக்குள் ஒலிக்கும் அறிவிப்பு ஒன்று எங்களுக்கே கேட்டது.

"நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே" என்றார் பீற்றர் அண்ணை. அவர் குரல் அவ்வளவு சிறியதாக இருந்து நான் கேட்டதில்லை.

"சொன்ன நீங்களே மாத்திச் சொல்லுங்கோ."

"ம்." பிறகு, "ஏதும் சாப்பிட்டீரோ?"

"ஓம். களைப்பாத்தான் இருக்கு."

அன்று மாலை அந்தக் குழுவில் இன்னொரு செய்தி வந்தது: முன்பு சொன்னது பிழை, எமில்டா கடைசியில் வானில் வந்தவர். பூக்கள் நின்றுபோயின. யாரோ ஒருவர் மட்டும் பரவாயில்லை என்று எழுதியிருந்தார்.

லண்டன் வந்த வாரமே, சைக்கிளை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டுத் தரச் சொல்லி அக்கா என்னைக் கூப்பிட்டார். எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். ஆதித்யா விட்டுவிட்டுப் போகாவிட்டால் நீங்கள் ஏறியிருப்பீர்கள் என்றேன். "ஏறியிருப்பன். ஆனா ஏறேல்லையே, ஜது" என்றார். போட்டுக் கொடுத்தேன். அந்த நாட்களில் அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார். ஒருநாள் நித்திரையில் இறங்கும் இடம் தவறிப்போய், எங்கோ ஒரு டிப்போவில் டிரைவர் தட்டி எழுப்பினாராம். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஆளின் முகம் சுருங்கிவிட்டிருந்தது. காலை, மதியம், மாலை மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே நீண்ட வேலையாகிவிட்டது என்றார்.

சனிக்கிழமை மாலை வாங்க ஒரு பெண் வருவதாக இருந்தது. நான் முன்கூட்டியே போய், பின்வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, துடைத்து, சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறையில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். பீற்றர் அண்ணை முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை.

அழைப்பு மணி அடித்தது. பீற்றர் அண்ணைதான் போய்த் திறந்தார். அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, சைக்கிள் பார்க்க வந்தேன் என்றாள்.

"சாரி மா. சோல்ட்" என்றார் பீற்றர் அண்ணை. "நேத்தே சோல்ட்."

கதவு சாத்தும் சத்தம். அக்கா அடுப்பைத் தணித்தார். நான் பம்பைப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தேன்.

பீற்றர் அண்ணை சமையலறை வாசலுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டு, சூடு தாங்காமல் ஊதினார்.

"ஆருக்கு வித்தனீங்கள்?" என்றார் அக்கா.

"ஒரு ஆளுக்கு."

"எந்த ஆள்?"

"ஏன், எனக்கு விக்க மாட்டீரோ?"

அக்கா திரும்பவில்லை. "உங்களுக்கு ஓடத் தெரியாது."

"விக்கிறதெண்டுதான் கதை. ஆர் ஓடுறது எண்டு கதைக்கேல்லை. வித்தாச்சு. இப்ப அது என்ரை சைக்கிள். என்ரை சைக்கிளை ஆர் ஓடுறதெண்டு நான்தான் சொல்லுவன்." இன்னொரு துண்டை எடுத்தார். "ஐஸ் பிடிக்கிற நாளில மட்டும் பஸ்ஸில போகோணும். அது ஓனர்ட ஓர்டர்."

"ஓனர்" என்று அக்கா சொன்னார். துழாவும் கரண்டி கொஞ்ச நேரம் நின்று, திரும்ப ஓடியது.

சாப்பிட்டதும் அக்கா படுக்கப் போய்விட்டார். மறுநாள் ஞாயிறானாலும் ஒரு கட்டடத்தில் அதிகாலை வேலை இருந்தது. நான் பின்வாசலுக்குப் போய், மற்றச் சக்கரத்துக்கும் காற்று அடித்து வைத்துவிட்டு வந்தேன்.